வடக்கே விட்ட வழி

“யாரைக் கேட்டு அந்தக் கதவத் தொறந்தே? நாலு வருசமா நான்—”

“மைனி, நான் சொல்லுதத ஒரு நிமிசம்—”

“நாலு வருசமா அந்தப் பக்கம் தலைவச்சுப் படுத்தது கெடையாது நான். பூட்டு துருவேறிக் கெடந்தது. அத ஒடச்சு, உள்ள தண்ணியும் விட்டு—”

“ஒடைக்கல மைனி. எண்ணெ விட்டுத்தான் தொறந்தேன். சாவி உங்க அஞ்சறைப் பெட்டியில, சீரகத்துக்கு அடியிலதான இருந்தது.”

“எங்க வீட்டுச் சீரகத்துல ஒனக்கென்னட்டி சோலி?”

பிரம்மசக்தி தாய்க்குளத்துக் கம்பிக் கதவுக்குக் குறுக்கே இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். எதிரே சண்முகக்கனி, இடுப்பில் பிளீச்சிங் பவுடர் டப்பாவை ஒரு குழந்தையைப் போல இடுக்கிக்கொண்டு நின்றாள். பிரம்மு, நான்கு வருடத்துக்கு முன் இறந்துபோன கனியின் கணவன் ஆவுடையப்பனின் தங்கை. மூன்று நாடுகளில் படித்துவிட்டு வந்தவள், பெரிய பெரிய கூட்டங்களில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டாள். ஆனால் மைனி முறைத்தால் அவளுக்கு இன்னமும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அவர்களுக்குப் பின்னால், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே தாமிரபரணிக் கரையோரமாக, அவர்களுடைய குஞ்சு பொரிப்பகம் வரிசை வரிசையாக நீலக் கூரைகளுடன் நீண்டு கிடந்தது. கடல் மீன் என்பது கல்யாண வீட்டுப் பந்தியில் மட்டும் கண்ணில் படும் பண்டமாகிவிட்ட காலம் அது. ரேஷன் கடையில் அரிசி பருப்போடு நன்னீர்ச் சிங்கியும் போட்டார்கள். இறாலுக்கு அண்ணன்போல உடம்பு, நண்டுக்குத் தம்பிபோல கொடுக்கு, ஆற்றுத் தண்ணீரே போதும் என்ற குணம். அந்தச் சிங்கிக்குக் குஞ்சு விற்ற பண்ணைகளில் கனியின் பண்ணைக்குத்தான் பேர். அவர்கள் விற்ற ரகத்துக்கு ‘ஒருத்தி’ என்று பெயர் வைத்தவன் ஆவுடையப்பன். அதில் ஆணே கிடையாது. ஒரே ஒரு தாய். அவள் இட்ட முட்டையிலிருந்து மகள், அந்த மகளின் முட்டையிலிருந்து மகள். நாடு முழுக்கக் குளங்களில் கிடந்த கோடிக்கணக்கான சிங்கிகளும் அச்சில் வார்த்ததுபோல அந்த ஒருத்திதான்.

“வழிய விடு பிரம்மு.”

“விடுதேன். நீங்க ஊத்தணும்னா ஊத்துங்க. பண்ணை உங்க பேர்ல இருக்கு, நான் யாரு தடுக்க? ஆனா ஒருக்கா எட்டிப் பாத்துட்டு ஊத்துங்க.”

“என்னத்தப் பாக்க?”

“அண்ணன.”

“கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?”

“எனக்கும் மொதல்ல அப்படித்தான் தோணுச்சு. நம்மகிட்டக் குஞ்சு வாங்குத மன்னார்குடிப் பக்கத்து ராஜாங்கம் அண்ணாச்சி போன் போட்டப்ப, அவருக்குத்தான் கோட்டின்னு நெனச்சேன். ‘அம்மா, எங்க குளத்துல தெனமும் காலையில யாரோ படுத்திருக்காப்ல இருக்கு’ங்காரு. ஆளுக எறங்க மாட்டேங்கானுவ, கரையில கற்பூரம் ஏத்தி எலுமிச்சம்பழம் உருட்டி விட்டுருக்கானுவ. நான் சிரிச்சேன். அப்புறம் போட்டோ அனுப்புனாரு. சிரிப்பு வரல.”

“அந்தாளு குளத்துல என்ன கெடந்தா எனக்கென்ன? வேற குளத்துல எங்கயாச்சும் கெடக்கா?”

“இல்ல. அதான் எனக்கும் புரியல. அப்புறம் அவரே சொன்னாரு. நாம குஞ்சோட சேத்துக் குடுத்த சத்தப்பெட்டி அவருக்கு மட்டும் ரிப்பேராம்.”

சத்தப்பெட்டி என்றால் கனிக்கு விளக்க வேண்டாம். ஆவுடையப்பன் தீனி போட வரும்போது அலுமினியச் சட்டியை மோதிர விரலால் மூன்று முறை தட்டுவான். டங், டங், கொஞ்சம் பொறுத்து இன்னொரு டங். முதல் ஒருத்தி அந்தச் சத்தத்துக்குப் பழகினாள். அதற்குப் பிறகு பிறந்த எந்தக் குஞ்சையும் யாரும் பழக்கவில்லை. பொரித்த மறுநாளே மூன்றாவது தட்டுக்கு வரிசையாக வந்து நின்றன. அது பிரம்முவின் வேலை. அந்தத் தட்டைத்தான் பதிவு செய்து, விற்ற ஒவ்வொரு பண்ணைக்கும் சின்னப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். விடிந்தால் போதும், காவிரிக்கரையிலும் பாலாற்றங்கரையிலும் ஆவுடையப்பன் சட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான். கனி மட்டும் இங்கே தன் தொட்டிகளுக்கு மணி அடித்தாள்.

“என்ன ரிப்பேரு?” என்றாள் கனி.

“ரெண்டு தட்டோட நின்னு போயிருதாம்.”

கனி டப்பாவைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள், ஆனால் வைத்த பிறகு நிமிர அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

“அவரு விழுந்த அன்னைக்கு எனக்கு ரெண்டு தட்டுத்தான் கேட்டுச்சு,” என்றாள். “அடுப்படியில நிக்கேன். டங், டங். மூணாவதக் காணோம். எவன்கிட்டயோ பேச்சுல நின்னுட்டாரு போலன்னு நெனச்சேன். பால் பொங்கிட்டு வந்தது, எறக்கி வச்சேன். அப்பவும் காணோம்.”

“இத நீங்க சொன்னதே இல்லியே மைனி.”

“எதச் சொன்னேன் நான்? குளத்துல மயங்கிக் கெடந்தாருன்னு சொன்னேன். நீங்களும் கேட்டுக்கிட்டீங்க.” கனியின் குரல் தணிந்தது. தணிந்தபோதுதான் பிரம்முவுக்குப் பயமாக இருந்தது. “அவரு தலை கடைசிப் படியில கெடந்தது. ஒடம்பு தண்ணிக்குள்ள. அன்னைக்குக் கொஞ்சமாத்தான் தண்ணி நின்னுது. மூச்சு இருந்தது. அவரு மேல அம்புட்டும் அப்பியிருந்ததுட்டி. நெஞ்சுல, கழுத்துல, கையில. தாய்ச் சிங்கி அம்புட்டும். இந்தத் தொழில்ல இருக்கியே, சொல்லு. அசையாம ஒண்ணு கெடந்தா சிங்கி என்ன செய்யும்?”

பிரம்மு வாயெடுப்பதற்குள் கனியே சொன்னாள்.

“திங்கும். கூடப் பொறந்ததயே திங்குற சாதி. எம்புருசன உசுரோட தின்னுக்கிட்டிருந்ததுக. நான் பிச்சுப் பிச்சு எறிஞ்சேன். காலால மிதிச்சேன். கையில அகப்பட்டத நசுக்குனேன். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில செய்துங்கநல்லூர் தாண்டுறப்ப அவரு போயிட்டாரு. நெஞ்சு பூரா செவப்புச் செவப்பாப் புள்ளி. டாக்டர் அது ஒண்ணுமில்ல, மாரடைப்புன்னாரு. ஒண்ணுமில்லியாம்.” அவள் மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். “அதுக்கப்புறமும் நான் இதுகளுக்குத் தீனி போட்டேன், முட்டை எடுத்தேன், குஞ்சு வித்தேன். எதுக்கு? ரெண்டு பிள்ளைகளக் கரை சேக்கணும். இப்ப கரை சேந்தாச்சு. இனி ஒரு குஞ்சு இருக்கப்படாது. இந்தக் குளத்துல ஆரம்பிக்கேன், பாலாறு வரைக்கும் போயி முடிக்கேன். எல்லாக் குளத்துக்கும் ஒரு கடுதாசி போதும், ‘ரகம் கெட்டுப்போச்சு, அழிச்சிரு’ன்னு.”

பிரம்மு கதவிலிருந்து கைகளை எடுத்துவிட்டாள். தரையில் கிடந்த பழைய அலுமினியச் சட்டியை எடுத்து மைனியிடம் நீட்டினாள். ஆவுடையப்பனின் சட்டிதான். ஒரு பக்கம் மட்டும் மோதிரம் பட்டுப் பட்டுக் குழிந்திருந்தது.

“ரெண்டு தட்டு மட்டும் தட்டுங்க. அப்புறம் அழிக்கிறதா இருந்தா டப்பாவ நானே தூக்கியாறேன். சத்தியமா.”

“யாரு மேல சத்தியம்?”

“உங்க மேலதான். வேற யாரு இருக்கா எனக்கு?”

தாய்க்குளம் சிமெண்டுக் குளம்; இடுப்பளவு ஆழம். நான்கு பக்கமும் சரிவு, வீடு இருக்கும் வடக்குப் பக்கம் மட்டும் படிகள். பிரம்மு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் விட்டிருந்தாள். தரையில் கிடக்கும் சிறு கல்கூடத் தெரிந்தது. விரல் நீளக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில், நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில், மூலைகளிலும் ஓட்டுத் துண்டுகளுக்கு அடியிலும் ஒதுங்கிக் கிடந்தன. பிறந்ததிலிருந்து பிளாஸ்டிக் தட்டிலும் தொட்டியிலும் நெருக்கியடித்து வளர்ந்தவை. நேற்று முன்தினம்தான் முதல்முறையாக ஒரு குளத்தைப் பார்க்கின்றன. ஆவுடையப்பனை அவற்றில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. அவற்றின் தாயும் பார்த்ததில்லை. தாயின் தாயும்.

கனி கடைசிப் படிக்கு இரண்டு படி மேலேயே நின்றுகொண்டாள். சட்டியைத் தட்டினாள்.

டங்.

எல்லாம் அசைவதை நிறுத்தின.

டங்.

முதலில் தண்ணீர்தான் நகர்வதுபோல இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அத்தனையும் நடக்கின்றன. அவசரமில்லை, ஒன்றையொன்று இடிக்கவில்லை. பந்தியில் தனக்கு எந்த இலை என்று தெரிந்தவர்கள் போய் உட்காருவதுபோல ஒவ்வொன்றும் தன் இடத்துக்குப் போயிற்று. கடைசிப் படியை ஒட்டி ஒரு வளைவு. அதிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கும் கோடுகள். ஒரு பக்கம் கோடு அகலமாக வெளியே போய்த் திரும்பி வந்தது. கீழே ஒரு கோடு நேராக ஓடிற்று, இன்னொன்று பாதியில் மடங்கிற்று.

நடுவில் ஒன்றுமில்லை. வெறும் சிமெண்டுத் தரை. அந்த வெறுமை, தலையைப் படியில் சாய்த்து, இடது கையை விரித்துப் போட்டு, வலது முழங்காலை மடக்கிப் படுத்திருந்தது.

அவன் எப்படிக் கிடந்தான் என்று கனி யாரிடமும் சொன்னதில்லை. மடங்கிய முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தூக்குவதற்கு முன் அந்த முழங்காலை நீட்டிவிட்டவளே அவள்தான்.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எப்படிட்டி?” என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. “எப்படி?”

பிரம்மு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “முன்னெல்லாம் நூறு குஞ்சு பொரிச்சா எண்பது ஒண்ணையொண்ணு தின்னு தீத்துரும். ஞாபகம் இருக்கா? தாய்க்குப் பழகுனது குஞ்சுக்கும் தெரிஞ்சா சண்டை போடாது, தீனிக்கு வரும்னு நெனச்சேன். அதான் முட்டை வழியா ஒரு வழி தொறந்து விட்டேன். தாய் பாத்தது, பழகுனது, பயந்தது, முட்டையிடுறதுக்கு முன்னால அதுக்கு நடந்த அம்புட்டும் மகளுக்குப் போகும். தீனிச் சத்தம் மட்டும் போகும்னு நெனச்ச மடச்சி நான். வழியத் தொறந்தா, நமக்கு வேண்டியது மட்டுமா வரும்?”

“அப்ப அன்னைக்கு இங்க கெடந்ததுக...”

“அதுக முட்டையிடுற பருவம். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போனதும் நான்தான் அதுகள அள்ளி வேற தொட்டியில விட்டேன். அந்த வாரமே முட்டை வச்சது. இன்னைக்கு நாட்டுல இருக்கது அம்புட்டும் அதோட வம்சம்.”

“அப்ப தின்னதும் இதுக ஞாபகத்துல இருக்கும்.”

“அதத்தான் பாக்கச் சொல்லுதேன். தின்னுச்சான்னு நீங்களே பாருங்க. முட்டை சொமக்குற தாய்ச் சிங்கிய உங்களவிட நான் அதிகமாப் பாத்ததில்ல.”

கனி குனிந்தாள். மூக்கு தண்ணீரைத் தொடும் அளவுக்குக் குனிந்தாள். உருவத்தின் விளிம்பில் நின்ற குஞ்சுகள் எல்லாம் வாலை உள்பக்கமாகச் சுருட்டியிருந்தன. சில, எதன் மேலோ ஏறுவதுபோல முன்கால்களைத் தூக்கி, பிடிக்க ஒன்றும் அகப்படாமல் சறுக்கி விழுந்து, மறுபடி தூக்கின. வாலுக்கு அடியில் துடுப்புபோல இருக்கும் குட்டிக் கால்கள் அத்தனையும் ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் அடித்தன. தரையிலிருந்த மெல்லிய வண்டல் நூல் நூலாக எழும்பி அந்த வெறுமையை நோக்கிப் போயிற்று.

எந்தப் பொரிப்பகத்திலும் முதல் நாள் வேலைக்கு வருகிறவளுக்குக் காட்டுகிற காட்சி அது. வயிற்றுக்கடியில் முட்டையைச் சுமக்கும் சிங்கி அப்படித்தான் ஓயாமல் விசிறும். விசிறினால்தான் முட்டைக்குக் காற்றுப் போகும்.

“விசிறுதுட்டி,” என்றாள் கனி.

“ஆமா மைனி.”

“எதுக்கு?”

“எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி என்னால பேசவும் முடியாது. அவரு நெஞ்சு ஏறி எறங்குறது தண்ணியில தெரிஞ்சிருக்கலாம். சட்டி தட்டுற மனுசன்னு தெரிஞ்சிருக்கலாம். அந்தச் செவப்புப் புள்ளி கடிச்சதில்ல. நழுவாம இருக்கக் காலால இறுக்கிப் புடிச்சது. இம்புட்டுத்தான் சொல்ல முடியும்.”

“முட்டை செத்துப் போச்சுன்னா சிங்கி விசிறாது.”

“விசிறாது.”

“பின்னங்காலால பிடுங்கித் தின்னுரும்.”

“ஆமா. உசுரு இருக்கதத்தான் விசிறும்.”

வெயில் படியிறங்கித் தண்ணீருக்குள் போயிற்று. ஆயிரக்கணக்கான துடுப்புகள் அடிப்பதில் நீரின் மேல்பரப்பு, அந்த உருவத்துக்கு நேர்மேலே மட்டும், லேசாக மேடிட்டுத் தணிந்தது. மறுபடி மேடிட்டுத் தணிந்தது. யாரோ தூங்குவதுபோல.

“இதுகளுக்கு எப்பத் தெரியும் அவரு இல்லன்னு?”

“தெரியாது மைனி. நீங்க தூக்குறப்ப அவருக்கு உசுரு இருந்தது. அதோட இதுக கதை முடிஞ்சு போச்சு. அப்புறம், செத்தது முட்டை போடாதுல்லா. அதனால சாவு மட்டும் இந்த வழியில போறதே இல்ல.”

அப்போதுதான் பிரம்முவின் போன் அடித்தது. படியில் வைத்து, சத்தத்தைக் கூட்டினாள். திரையில் ராஜாங்கத்தின் மீசையும், மீசைக்குப் பின்னால் அகலமான ஒரு குளமும் தெரிந்தன. மோட்டார் ரூம் மொட்டை மாடியில் நின்றிருந்தார்.

“அம்மா, வணக்கம்மா. பெரியம்மாவும் இருக்காங்களா? நல்லதாப் போச்சுங்க. இன்னைக்கும் படுத்துருக்காருங்க. பாருங்க.”

போனைக் குளத்துப் பக்கம் திருப்பினார். அங்கேயும் அதே வெறுமை, அதே மடங்கிய முழங்கால். தலைமாட்டில் மட்டும் படி இல்லை. வெறும் கறுப்புத் தார்ப்பாய். கரையில் எலுமிச்சம்பழம் ஒன்று வெயிலில் சுருங்கிக் கிடந்தது.

“ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேங்க,” என்றார் ராஜாங்கம். “சுத்தி நெருக்கமா நிக்குது, எறும்பு போக எடமில்ல. ஆனா தலைக்கு மேலாப்ல ஒரு எடத்துல மட்டும் வழி வுட்டுருக்குது பாருங்க. ஒரு ஆளு நடந்து வர்ற அகலம். அந்தப் பக்கம் எனக்கு முள்ளு வேலிதாங்க, வர்றதுக்கு ஒருத்தரும் இல்ல. யாருக்குங்க அந்த வழி?”

“அது எந்தப் பக்கம் அண்ணாச்சி?” என்றாள் பிரம்மு.

“வடக்காலங்க.”

பிரம்மு தன் மைனியைப் பார்த்தாள். கனி தன் காலடியைப் பார்த்தாள். அவள் உட்கார்ந்திருந்த படிக்கு நேர் கீழே, தலையின் வளைவு ஓரிடத்தில் அறுந்திருந்தது. அங்கிருந்து படி வரைக்கும், இரண்டு பக்கமும் சிங்கிகள் ஒதுங்கி நிற்க, சுத்தமான சிமெண்டுத் தரை ஒரு ஒற்றையடிப் பாதைபோலக் கிடந்தது. அவள் உட்கார்ந்ததற்கு அப்புறம் விட்டதல்ல. முதலிலிருந்தே இருந்ததை இப்போதுதான் கவனிக்கிறாள்.

“நீங்க அன்னைக்கு எந்தப் பக்கமா மைனி எறங்குனீங்க?”

கனி தான் உட்கார்ந்திருந்த படியை உள்ளங்கையால் தொட்டாள். பிறகு கேட்டாள்:

“நான் மிதிச்சுக் கொன்னேனே. அது தெரியுமா இதுகளுக்கு?”

“நசுங்குனது முட்டை போடல. பக்கத்துல நின்னு பாத்தது போட்டிருக்கும்.”

“அப்ப தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா வழி விடுதுக?”

தான் திறந்துவிட்ட கதவுக்குள்ளே இவ்வளவு பெரிய வீடு இருக்குமென்று பிரம்மு நினைத்ததில்லை.

கனி சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். ஒன்றுகூட விலகி ஓடவில்லை. அந்தப் பாதையில் அவள் கால் வைத்தபோது இரண்டு பக்கமும் நின்றவை கொடுக்குகளைத் தாழ்த்தி இன்னும் கொஞ்சம் ஒதுங்கின. தலை இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் அவள் மண்டியிட்டாள். தண்ணீர் அவள் மார்பு வரை வந்தது. வலது கையைத் தண்ணீருக்குள் நீட்டி, நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள்.

எல்லாப் பக்கமிருந்தும் நீரோட்டம் வந்து உள்ளங்கையில் மோதிற்று. மோதி, பின்வாங்கி, மறுபடி மோதிற்று. அன்றைக்கு ஆம்புலன்ஸில் செய்துங்கநல்லூர் தாண்டும்வரை அவள் கைக்கு அடியில் அப்படித்தான் இருந்தது.

“நாடு பூரா,” என்றாள் கனி, திரும்பாமல். “நாடு பூரா கொழம்பு வச்சுத் திங்கானுவளே பிரம்மு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் இவரு மூச்சு விட்டுக்கிட்டுக் கெடந்திருக்காரு.”

“ஆமா மைனி.”

“அந்த டப்பாவத் தூக்கி ரூம்ல போடு.”

பிரம்மு எழுந்து போய்ப் பிளீச்சிங் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். திரும்பி வந்தபோது படியில் அலுமினியச் சட்டி மல்லாந்து கிடந்தது. கனி அதை எடுக்கவில்லை. கையையும் நீரிலிருந்து எடுக்கவில்லை.

“மூணாவது தட்டுனா என்ன ஆகும்?”

“கலைஞ்சிரும். தீனிக்கு வந்துரும். மூணாவதுன்னா எல்லாம் சரியாயிருச்சுன்னுதான் இதுகளுக்கு அர்த்தம்.”

“எத்தன நேரம் இப்படியே விசிறும்?”

“ராஜாங்கம் அண்ணாச்சி குளத்துல மத்தியானம் வரைக்கும் விசிறுதாம். அப்புறம் களைச்சுப் போயி, ஒவ்வொண்ணா ஒதுங்குதாம். மறுநாள் ரெண்டு தட்டுக் கேட்டதும் திரும்ப வந்துருது.”

கனி தலையை ஆட்டினாள். ஒரு குஞ்சு, மற்றவற்றைவிடச் சின்னது, அவள் மணிக்கட்டில் ஏறிக் கால்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பிடித்த இடத்தில் சின்னச் சின்னதாகச் சிவந்தது. வலிக்கவில்லை. அது வாலைச் சுருட்டி, அவள் தோலின் மீது விசிறத் தொடங்கிற்று.

போனில் தூரத்து லாரி ஒன்று ஹாரன் அடித்தது. யாரோ கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தினார்கள். ராஜாங்கம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பார்க்கக் கூடாத வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டவர்போல, குரலை இறக்கிக்கொண்டு பேசினார்.

“பெரியம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. லாரி வாசலுக்கு வந்துருச்சு, ஆளுவ வலையோட கரையில நிக்கிறானுவ. மூணாவது தட்டுச் சத்தம் கேட்டாதான் எல்லாம் கரைக்கு வரும், புடிக்க முடியும். பொட்டி ரிப்பேரு, நான் கையாலயே ஒரு தட்டு தட்டிடலாம்... தட்டவாம்மா?”